பின்வரிசையில் கண் மூடியவர்

பாளையங்கோட்டைத் தேவாலயக் கூடத்தில், இரண்டாம் உலகப்போர் முடிந்த அன்று பர்மாவில் எடுத்த பட்டாளப் படம் சுவரை அடைத்துத் தொங்குகிறது. சன்னல் வெயில் பின்வரிசையில் கண் மூடி நிற்பவர் மேல் விழுகிறது. அவர் நெஞ்சில் ‘அடையாளம் தெரியாதவர்’ என்ற சீட்டு. அதன்மேல் சாலோமி டீச்சரின் விரல். “எங்க ஹெப்ரான் பெரியப்பா. சண்டைக்குப் பயந்து ஓடிட்டாருன்னு ஊரே சொல்லிச்சு. கடைசி நாள் வரைக்கும் அங்கனதான் நின்னுருக்காரு, பாருங்க அண்ணாச்சி.” கண்காட்சி நடத்தும் குமரகுருபரன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார். “கண்ணு மூடியிருக்கே டீச்சர். எதை வச்சுப் பேரு எழுத?” “அதை வச்சுத்தான்.” கல்யாணம், ஞானஸ்நானம், அசனப் பந்தி என்று பையிலிருந்த படங்களையெல்லாம் மேசையில் பரப்புகிறார். அப்பா, சித்தப்பா, தம்பி, மகன் ஜாபேஸ், எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறார்கள். “எங்க வீட்டுல ஒருத்தருக்கும் போட்டோவுல கண்ணு தொறந்திருக்காது.” மின்விசிறிக் காற்றில் படங்கள் படபடக்கின்றன. குமரகுருபரன் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்க்கிறார். அவர் நிமிரும்வரை காத்திராமல் சாலோமி சீட்டைக் கிழித்தெடுக்கிறார். கூட வந்த ஜாபேஸ் செல்போனைத் தூக்குகிறான். “யம்மா, நீயாவது கண்ணைத் தொறந்து வையி.” பெரியப்பாவை ஒட்டி நிமிர்ந்து நின்று, சாலோமி வேண்டுமென்றே கண்ணை இறுக மூடுகிறார்.