சமத்து

குழந்தை அழவில்லை.

வயிற்றில் கை வைத்தாள். அழவில்லை.

ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தாள். அதன் சில்லிப்புக்கே அலறுகிற வயது, பத்து மாதம். அழவில்லை.

மருத்துவ மாணவியான அவளுக்குக் குழந்தைகள் வார்டில் இது மூன்றாவது வாரம். அவள் தொட்ட எல்லாக் குழந்தைகளும் அழுதிருக்கின்றன. சில, அவள் வெள்ளைக் கோட்டைத் தூரத்தில் கண்டதுமே.

நஸ்ரினிடம் மட்டும் அழமாட்டார்கள். அவளும் இதே வகுப்பு, இதே வெள்ளைக் கோட்டு. அவள் மடியில் உட்கார்ந்து வாய் பிளந்து தொண்டையைக் காட்டுவார்கள்.

அழுகிற குழந்தையின் மூச்சை எண்ண முடியாது. அழுகையே மூச்சின் வேகத்தைக் கூட்டிவிடும். ஆகவே, மூச்சை எண்ண வேண்டுமென்றால் பேராசிரியர் நஸ்ரினைத்தான் கூப்பிடுவார்.

இன்று இவளே எண்ணினாள். முழுதாக ஒரு நிமிடம்.

"ரெண்டு நாளா வயித்தால போவுது. ராத்திரியெல்லாம் ஒரே அழுகை," என்றாள் தாய். "இப்பதாம்மா சமத்தா இருக்கான்."

மூன்று கட்டில் தள்ளி, நஸ்ரின் முதுகைக் காட்டி நின்றாள்.

திரும்பட்டும். ஒரு தடவை பார்க்கட்டும்.

குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். காத்திருந்தாள்.

நஸ்ரின் திரும்பினாள்.

"அடிப்பாவி! உங்கிட்டகூட ஒருத்தன் அழாம இருக்கானா? என்னடி மந்திரம் போட்ட?"

இவள் சிரித்தாள். பதில் சொல்ல வாயெடுத்தாள்.

அப்போதுதான் தோளில் அந்தத் தலையின் கனம் தெரிந்தது. சின்னக் கை இவள் முதுகில் வெறுமனே தொங்கியது.

படுக்க வைத்தாள். கண்கள் குழி விழுந்திருந்தன. தொப்புளுக்குப் பக்கத்தில் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி, விட்டாள். உடம்பில் நீர் இருந்தால் தோல் உடனே படிந்துவிடும். வற்றியிருந்தால் மடிப்பு அப்படியே நிற்கும்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

மடிப்பு நின்றது.

"சிஸ்டர்!"

ட்ரிப் ஏறியது. பேராசிரியர் வந்து பார்த்தார். "நல்லவேளை, கவனிச்சியே," என்று தோளில் தட்டினார். குழந்தை சாய்ந்திருந்த அதே தோள்.

நஸ்ரின் திரும்புவதற்காக எத்தனை நொடி நின்றாய் என்று யாரும் கேட்கவில்லை.

இவள் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் அவன் கண்ணை அகலத் திறந்தான். இவள் முகத்தைப் பார்த்தான். உதடு கோணியது.

வார்டே திரும்பிப் பார்க்கும்படி அலறினான்.

கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. ஈரமான, நிஜக் கண்ணீர்.

நஸ்ரின் ஓடிவந்து கையை நீட்டினாள். அவனும் அவள் பக்கம் கையை நீட்டினான்.

"இருடி," என்றாள் இவள். "கொஞ்ச நேரம் அழட்டும்."