ஆள் வராத கோட்டு

"அப்படி ஒரு கோட்டே இங்க கிடையாது சார்!"

மாமியார் கூசாமல் சொன்னதைக் கேட்டதும், சட்டை மடித்துக்கொண்டிருந்த மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கோட்டு பின்னறையில் கடைசிக் கம்பியில் தொங்குகிறது. சலவைக்குக் கொடுத்தது; ஒன்றரை வருஷமாகத் திரும்ப வாங்க ஆள் வரவில்லை. இன்றைக்குப் பார்த்து, ரசீதோடு ஆள் வந்து நிற்கிறார்.

"வேலை மாத்திப் போயிட்டேம்மா. நேத்துதான் திரும்பி வந்தேன்."

"சலவைக்கடைன்னா சத்திரமா? ஒன்றரை வருஷத்துல எலி கடிச்சிருக்கும், போங்க!"

விற்றுத் தின்னப் பார்க்கிறாரோ என்று மருமகளுக்குச் சந்தேகம். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவளுடைய குட்டு உடைந்துவிடும்.

அந்தக் கோட்டின் உள்பையில்தான் அவளுடைய தடுப்பூசி அட்டை இருந்தது.

அவளுக்கு ஏழாம் மாதம். சுகாதார நிலைய நர்ஸ் போன மாதமே சொல்லியிருந்தாள்: "கக்குவான் இருமல் பெரியவங்களை இருமலோட விட்டுடும். பச்சைக் குழந்தைக்கு மூச்சையே நிறுத்திடும். அதுக்கு ஊசி போடவே ஒன்றரை, ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் நீ இப்ப போட்டுக்கறதுதான் காவல்."

கணவன் போனில் எதையோ படித்துவிட்டு, "வயித்துல பிள்ளையை வெச்சுக்கிட்டு ஊசியா? கூடவே கூடாது," என்று ஒற்றைக் காலில் நின்றான்.

மாமியாரும் ஒத்து ஊதினார். "மூணு பெத்தேன். ஒரு ஊசி போட்டிருப்பேனா?" கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதே பல்லவி.

முந்தாநாள், துணி கொடுத்துவிட்டு வருவதாகப் பொய் சொல்லிப் போய்ப் போட்டுக்கொண்டாள். அட்டையை யாரும் தொடாத இடமாக வைக்க வேண்டுமே! கோட்டுதான் ஞாபகம் வந்தது.

இடது கை இன்னும் விண்விண்ணென்று தெறித்தது. இன்றைக்கென்று மாமியார் காலையிலிருந்து ஒரு சட்டையைக்கூடக் கம்பியில் மாட்டவில்லை. எல்லாம் பிள்ளைத்தாச்சி தலையில். என்ன மனுஷியோ!

"என்னம்மா உளர்றே?" இஸ்திரி மேஜையிலிருந்து கணவன் குரல் கொடுத்தான். "கறுப்புக் கோட்டு, பின்னாடி தொங்குதே!"

"அது வேற யாரோடதோ."

"நம்பரைப் பார்த்தா தெரிஞ்சுட்டுப் போகுது."

அவனே போய் எடுத்துவந்தான். நம்பர் சரியாக இருந்தது. மாமியாரின் முகம் செத்துவிட்டது.

துணியைக் கொடுக்குமுன் எல்லாப் பைகளையும் பார்த்துவிடுவது கடை வழக்கம். கணவனின் கை கோட்டுப் பைக்குப் போனது. மருமகள் மடித்த சட்டையையே மறுபடி மடித்தாள்.

"குடு இங்க!" மாமியார் வெடுக்கென்று பிடுங்கினார். "அங்க சட்டை கருகுது பாரு!"

அவன் ஓடினான். மாமியார் சுவர்ப் பக்கம் திரும்பி, வெளிப்பையிலிருந்து எதையோ எடுத்துச் சட்டென்று இடுப்பில் செருகிக்கொண்டார்.

மருமகள் பார்த்துவிட்டாள். அடப்பாவமே, வாடிக்கையாளர் பொருளையா!

"கருகவே இல்லையேம்மா! உள்பையையும் பாரு."

மாமியாரின் கை உள்ளே போனது. அப்படியே நின்றது. அட்டை பாதி வெளியே வந்தது. அதில் இருந்த பெயரைப் படித்தார். நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார்.

அவ்வளவுதான், இன்றைக்கு வீடு ரெண்டாகப் போகிறது. மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னம்மா இருக்கு?"

"ஒண்ணும் இல்லைடா." அட்டை மாமியாரின் முந்தானைக்குள் மறைந்தது.

கோட்டு போய்விட்டது. மாமியார் அவளைப் பின்னறைக்கு இழுத்துப்போனார்.

"எந்தக் கையில போட்டே?"

"இடது கையில, அத்தை."

"வலிக்குதா?"

"ரொம்ப."

"அந்தக் கையை வெச்சுக்கிட்டா காலையிலேருந்து சட்டை மாட்டினே? சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

அட்டையை அவள் கையில் திணித்தார். பிறகு, இடுப்பில் செருகியதை எடுத்துக் காட்டினார்.

அதே சுகாதார நிலையத்து அட்டை. நேற்றைய தேதி. மாமியாரின் பெயர்.

"அத்தை!"

"கத்தாதே. பிள்ளையைத் தூக்கப் போறவங்களும் போட்டுக்கறது நல்லதுன்னு அந்த நர்ஸ் சொன்னா. ஊர் பூரா வீறாப்பு பேசிட்டு, எந்த முகத்தோட வந்து சொல்றது? உன்னை எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னுதான் நேத்திலேருந்து மண்டையைக் குடைஞ்சுக்கிட்டு இருந்தேன்."

மாமியார் இடது தோளைத் தடவிக்கொண்டே வெளியே எட்டிப் பார்த்தார். மகன் ஒன்றும் தெரியாமல் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"இனி அவன் ஒருத்தன்தான் பாக்கி. உனக்கு வலது கை நல்லா இருக்கு, எனக்கும் வலது கை நல்லா இருக்கு. ரெண்டு பேருமா சேர்ந்து நாளைக்கு இழுத்துட்டுப் போயிடலாம்!"