ஏழு நாள் பிரெட்

"ஃபிரிட்ஜுல வெச்சாளாம்! கோதுமை பிரெட்டை, கொண்டுபோய் ஃபிரிட்ஜுல!"

குடியிருப்போர் கூட்டத்தில் பெரியவர் இதைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வரிசையில் இருந்த அவர் மனைவி, கைப்பையின் ஜிப்பை மும்முரமாக ஆராய ஆரம்பித்தார்.

பெரியவர் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் கடைக்காரர்களை நடுங்க வைத்தவர். இப்போது வீட்டிலேயே கோதுமை பிரெட் சுடுகிறார். ஞாயிற்றுக்கிழமை சுட்டது சனிக்கிழமை வரை பஞ்சு மாதிரி இருக்கிறதாம். அந்த ரகசியத்தைக் கேட்பதற்காகவே இந்தச் சிறப்புக் கூட்டம். தண்ணீர்த் தொட்டி கழுவும் பிரச்சினையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

"ஃபிரிட்ஜுல வெச்சா சீக்கிரமே விறைச்சுப்போகும். ஓரத்துலேர்ந்து வெட்டக் கூடாது. நடுவுல வெட்டி வேணுங்கிற துண்டை எடுத்துட்டு, ரெண்டு பாதியையும் ஒட்டி வைக்கணும். நல்லா ஆறினப்புறம் பருத்தித் துணியில சுத்தி டப்பாவுல போடணும்; சூட்டோட மூடினா வேர்த்துப் பூஞ்சை பிடிச்சுடும். இவ்வளவுதான் விஷயம். இத்தனை வருஷமா சமைக்கிறவங்களுக்கே இது தெரியலைன்னா என்னத்தைச் சொல்ல?"

மறுபடியும் சிரிப்பு. பாதிப் பேர் கடைசி வரிசையைத் திரும்பியே பார்த்துவிட்டார்கள்.

இரண்டாம் மாடி கணக்கு டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்.

"சார், நீங்க சொன்ன மாதிரியேதான் நானும் செஞ்சேன். நாலாம் நாளே பச்சையா பூஞ்சை பூத்துடுச்சு."

"கத்தியில ஈரம் இருந்திருக்கும்."

"துடைச்சுட்டுத்தான் வெட்டினேன்."

"அப்போ கையில இருந்திருக்கும். இதுக்கெல்லாம் பக்குவம் வேணும் டீச்சர். கணக்குப் போடற மாதிரி இல்லை!"

டீச்சருக்குச் சுருக்கென்றது. தன்னைச் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கட்டின மனைவியைப் பத்துப் பேர் முன்னால் அப்படியா பேசுவது?

புதன்கிழமை டீச்சருக்கு லீவு. பெரியவர் வெளியே நடக்கக் கிளம்பியதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, ஒன்றரை மணி நேரத்தில் சமையலை முடித்துக்கொண்டு, விறுவிறுவென்று நாலாம் மாடிக்கு ஏறினார். அந்த டப்பாவைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அடுத்த கூட்டத்தில் மனுஷனைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட வேண்டும்.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளேயிருந்து கமகமவென்று வாசனை.

சமையலறையில் அந்த அம்மா, கையில் உறை மாட்டிக்கொண்டு, ஓவனிலிருந்து எடுத்த பிரெட்டை அச்சிலிருந்து கவிழ்த்துக்கொண்டிருந்தார். மேடையில் ஞாயிற்றுக்கிழமை பிரெட்டின் பாதி கிடந்தது. அதன் ஓரத்தில் பச்சையாக ஒரு பொட்டு.

"ஐயோ, டீச்சர்..."

டீச்சருக்கு விளங்கிவிட்டது.

"அப்போ, சாரோட ஏழு நாள் பிரெட்டுங்கிறது?"

"புதன்கிழமை ஒண்ணு சுடுவேன். சில வாரம் வெள்ளிக்கிழமையும். அதுவரைக்கும் அவர் சாப்பிட்டிருக்கிற அளவைப் புதுசுலேர்ந்து வெட்டி எடுத்துட்டு, மீதியை அவர் துணியில சுத்தி வெச்சுடுவேன்."

"உங்களை அந்தப் பேச்சுப் பேசறாரே, அவருக்காகவா இவ்வளவும்?"

அந்த அம்மா உறையைக் கழற்றினார்.

"ரிட்டையர் ஆனதும் எட்டு மாசம் அந்த நாற்காலியை விட்டே எழுந்திருக்கலை டீச்சர். சவரம் கிடையாது, பேச்சு கிடையாது. கேட்டா, 'இனிமே நான் எதுக்கு?'ன்னு ஒரே வார்த்தை. பொழுதாவது போகட்டும்னு நான்தான் கையில மாவைக் குடுத்தேன். முதல் பிரெட்லேயே பூஞ்சை. மறுபடியும் போய் நாற்காலியில உட்கார்ந்துட்டார். அடுத்த வாரமே இதை ஆரம்பிச்சுட்டேன்."

டீச்சர் மேடையில் கிடந்த அந்தப் பச்சைப் பொட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"கூட்டத்துல என்னைச் சொல்லிச் சிரிக்கிறார்னு உங்களுக்கு வருத்தம். எனக்கு, மனுஷன் சிரிக்கிறாரேன்னு இருக்கு. தயவுபண்ணி யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சத்தியமா சொல்லமாட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டே படியிறங்கிய டீச்சர், மூன்றாம் மாடித் திருப்பத்தில் திடுக்கிட்டு நின்றார்.

படியில் பேப்பரை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார் பெரியவர்.

"மேல பார்த்ததை மேலேயே விட்டுடுங்க டீச்சர்" என்றார், தலையைத் தூக்காமல்.

"சார்! உங்களுக்கு... தெரியுமா?"

"முப்பது வருஷம் தராசுமுள்ளையே பார்த்துக்கிட்டிருந்தவன் நான். தின்னத் தின்ன எடை கூடற பிரெட்டைக் கண்டுபிடிக்க மாட்டேனா?"

"தெரிஞ்சேதான் கூட்டம் போட்டு எங்களுக்கு வகுப்பு எடுத்தீங்களா?"

"நான் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுத் திரிஞ்சாத்தான் அவளுக்கு நிம்மதி. கொஞ்சம் வாடினாலும் நாற்காலியைப் பார்க்கிறா."

"அதுக்காக அவங்களை அப்படி மட்டம் தட்டணுமா?"



"அது வாய்க்கொழுப்பு" என்றார் பெரியவர். "வேலை போச்சு, அது போகலை. இனிமே பேசலை."

டீச்சருக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது.

"சரி, நடந்து களைச்சு வந்திருக்கீங்க. வீட்டுக்குள்ள போகாம ஏன் படியில உட்கார்ந்திருக்கீங்க?"

பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் அரை மணியாவது ஆகணும் டீச்சர். இப்பவே போய் நின்னா, பாவம், பதறிப்போய் சூட்டோட டப்பாவுல வெச்சு மூடிடுவா."