ஏவிவிட்ட எலும்புக்கூடுகள்

கற்பிட்டியில் நிலுக்சன் வீட்டு மேசையைச் சுற்றி நான்கு பேர் பகடை உருட்டி ஒரு கற்பனைப் போர்க்கதையை விளையாடிக்கொண்டிருந்தார்கள். கதையை நடத்துபவள் ஷானிகா. எதிரிகளை ஏவுவதும் அவள்தான். மற்ற மூவரும் வீரர்கள். அன்று கல்லறைக் குழியிலிருந்து அவள் எழுப்பிய பன்னிரண்டு எலும்புக்கூடுகளும் றொபியின் வாள்வீரனையே சூழ்ந்துகொண்டன.

"ஏன் என்னை மட்டும் வெட்டுது?" என்று றொபி கத்தினான். "கௌசல்யாவும் நிலுக்சனும் பக்கத்திலதானே நிக்கிறாங்க!"

"அவங்களை வெட்டச் சொல்லி உத்தரவு இல்ல."

"சரி, நான் சண்டை பிடிக்கல்ல. அதுகளோட கதைச்சுப் பாக்கிறன்."

"கதைச்சு வேலையில்ல. எலும்புக்கூட்டுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. எழுப்பிவிட்ட மந்திரக்காரி சொன்னதைத்தான் செய்யும்."

"ஒண்டாவது ஏனெண்டு கேக்காதா?"

"கேக்காது."

றொபி பகடையை மேசையில் ஓங்கி அடித்தான். "சீ! இப்பிடியும் ஒரு பிறவியா? இதோட ஆர் மல்லுக்கட்டுறது?"

"நானும் இனி மல்லுக்கட்ட மாட்டன்." ஷானிகா தாள்களை மடித்துவிட்டு எழுந்தாள். "நேத்து ஃபாதர் என்னைக் கூப்பிட்டவர். எங்கட கலியாண அறிவிப்பை நாளைக்குக் கோயில்ல கடைசியா மூண்டாம் தரம் வாசிக்க வேணாமெண்டு உன்ட அம்மா வந்து சொன்னவவாம்."

றொபி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"அது... அம்மாதான்..."

"ஓம், அம்மாதான். பக்கத்தில நீயும் நிண்டியாம். வாயே திறக்கல்லையாம்."