தலைவன் சொன்னால் பிடி

கோடை முழுக்கக் குளம் யாருக்கு என்பதைக் கபடி ஆடி முடிவுசெய்வதென நரிகளும் குரங்குகளும் ஒப்புக்கொண்டன. குரங்குகளுக்குத் தலைவன் செம்பட்டைதான் பயிற்சி கொடுத்தது.

"நான் 'பிடி'ன்னு கத்துற வரைக்கும் எவனும் கையை நீட்டக் கூடாது. யோசிக்கிறது என் வேலை" என்று தினமும் அதட்டியது.

ஆட்டத்தின் கடைசியில், பாடிப்போன செம்பட்டை பிடிபட்டு வெளியே உட்கார்ந்தது. வெளியே போனவர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. அடுத்துப் பாடிவந்த கிழநரி, அசையாமல் நின்ற குரங்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டு நிதானமாகத் திரும்பிப் போனது.

குளம் கைவிட்டுப் போயிற்று. தலைகுனிந்திருந்த செம்பட்டையிடம் ஒரு குரங்கு மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னது: "கடைசி வரைக்கும் ஒருத்தனும் கையை நீட்டலைண்ணே!"