எட்டு பத்தான கதை

சுமித்திராவைப் பெண் கேட்டு வந்த வினோதனை, அவளுடைய அப்பா, ஆங்கில ரியூசன் மாஸ்ரர் தவநேசன், லேசில் விடவில்லை.

“ஒக்ரோபர் எண்ட சொல்லுக்குள்ளை லத்தீன் எட்டு இருக்கு. அப்ப ஏன் தம்பி அது பத்தாம் மாதம்?”

“முந்தி மார்ச்தான் முதல் மாதம், சேர். பிறகு ஜனவரியும் பெப்ரவரியும் முன்னுக்கு வந்து குந்திட்டுதுகள்.”

பெடியன் கெட்டிக்காரன்தான் என்று மாஸ்ரருக்கு உள்ளுக்குள் சந்தோசம். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

“இங்கையும் அதே கதைதான். சுமித்திராவுக்கு முன்னுக்கு ரெண்டு அக்காமார் இருக்கினம். அவையின்ரை கலியாணம் முடியட்டும், பாப்பம்.”

குசினி வாசலில் நின்ற சுமித்திரா மெல்ல வெளியே வந்தாள்.

“அப்பா, முன்னுக்கு வந்து குந்தின ரெண்டு பேரும் நாங்கள்தான். போன கிழமை கிளிநொச்சியிலை கலியாணத்தைப் பதிஞ்சிட்டம்.”

மாஸ்ரர் கதிரையில் சாய்ந்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

“மருமகனுக்குத் தேத்தண்ணி குடுத்தியே, பிள்ளை?”