மறைக்க ஒரு பட்டன்

"அந்தப் பட்டனை எடுக்கச் சொல்லு. இல்லைன்னா நீ எந்திரிச்சு வீட்டுக்குப் போ!" என்று கத்தினார் ராஜகுரு.

"பட்டனும் இருக்கும், நானும் இருப்பேன் அண்ணாச்சி" என்றாள் முருகலட்சுமி.

அருப்புக்கோட்டையில் ராஜகுரு நடத்தும் திருமணத் தகவல் மையத்தில் கம்ப்யூட்டர் வேலை அவளுடையது. பேரனுக்குப் பெண் தேடி வந்து உட்கார்ந்திருந்த பாளையம்பட்டி சங்கரபாண்டியன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ராஜகுரு, பக்கத்தில் நின்ற, மையத்துக்கு சாஃப்ட்வேர் எழுதிய நாகராஜிடம் திரும்பினார். "மூடுற, சுருக்குற பட்டனெல்லாம் மேல வரிசையா இருக்குமே, அந்தப் பட்டையே வேண்டாம்னுதானே எழுதச் சொன்னேன்? பொண்ணு மாப்பிள்ளை விவரம் திரை முழுக்கத் தெரியணும், யாரும் மறைக்கக் கூடாதுன்னு?"

"பட்டை இல்லைதான் அண்ணாச்சி. தட்டினா விவரத்தைக் கீழ சுருக்கி மறைக்கிற மினிமைஸ் பட்டன் மட்டும் மூலையில தனியா வச்சேன். ஜாவாவுல சின்ன வேலைதான். அக்கா கேட்டாக..."

"சீரியல் பாக்கக் கேட்டிருப்பா!"

முருகலட்சுமிக்குக் குரல் உயர்ந்தது. "இங்க பதிஞ்சிருந்த தங்கச்செல்வி விவரம் திரையில நின்னப்ப, வந்தவுக எல்லாம் படிச்சாக. 'விவாகரத்து ஆன புள்ளையா'ன்னு தெருவுல நின்னு பேசினாக. அந்தப் புள்ள இந்தப் பக்கமே வர்றதில்ல. இனி இங்க அப்படி நடக்க விடமாட்டேன்."

"உள்ளதைக் காட்ட என்ன வெக்கம்? என்கிட்ட ஒளிவு மறைவே கிடையாது. இப்ப எதை மறைச்சு வச்சிருக்க? திற!"

"திறக்க மாட்டேன்."

"அண்ணே, நீங்களே வந்து பாருங்க, இவ வேலை பாக்குற லட்சணத்தை!"

சங்கரபாண்டியன் எழுந்து, சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடினார். அதற்குள் ராஜகுரு மவுஸைப் பிடுங்கி, திரையின் கீழ்க்கோடியில் தட்டித் திறந்தார்.

திரை முழுக்கச் சுவாதியின் போட்டோ. பக்கத்தில், 'மறுமணம்'.

சுவாதி ராஜகுருவின் மகள். புருஷன் வீட்டிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறாள் என்றுதான் ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார்.

மவுஸ் அவர் கையில் அப்படியே நின்றது. முருகலட்சுமி அதை வாங்கி மூலையில் இருந்த பட்டனை ஒரு தட்டுத் தட்டினாள்; சுவாதியின் விவரம் சுருங்கி மறைந்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார் சங்கரபாண்டியன். "என்ன ராஜகுரு, பிள்ளையார் படந்தான தெரியுது?"



முருகலட்சுமி ராஜகுரு பக்கம் சாய்ந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "காலையில உங்க வீட்டு மதினிதான் வந்து பதிஞ்சிட்டுப் போனாக. இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி, பட்டனை எடுத்துறலாமா?"